போர்க்கால ஜப்பானியப் படையின் கால்சட்டைகளை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியப் படையின் வாளையோ தொப்பியையோ காட்டி 'இது என்ன?' என்று கேட்டால் பதில் சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. கால்சட்டையைக் காட்டினால் பலரும் தயங்குவார்கள். அதில் பதவிச் சின்னம் இருக்காது, கழுத்துப்பட்டை இருக்காது. பார்க்க வெறும் காக்கித் துணிதான். ஆனால் தைத்த விதம், நாடா, பொத்தான், உள்ளே குத்திய முத்திரை எல்லாம் சேர்ந்து நிறையவே சொல்லும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் 1930-களிலிருந்து 1945 வரையிலான காலத்தைப் பற்றியவை.

பழைய காக்கிக் கால்சட்டை ஒன்று கிடைத்திருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். தைத்தவரும் சோதித்தவரும் அணிந்தவரும் விட்டுப்போன தடயங்கள் உள்ளேதான் இருக்கும். முதலில் இடுப்புப் பட்டியின் உள்பக்கம், அப்புறம் பைகளுக்குப் போட்ட துணி, கடைசியாகக் கால்முனை. இந்த வரிசையில் போனால் எதுவும் விட்டுப்போகாது.

நிறத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். ஒரே கிடங்கில் ஒரே ஆண்டில் தைத்த இரண்டு கால்சட்டைகள் இன்று ஒன்று வைக்கோல் நிறத்திலும் இன்னொன்று பாசி நிறத்திலும் இருக்கலாம். சாயம் தொகுதிக்குத் தொகுதி மாறியது, வெயிலும் சலவையும் மீதியை மாற்றின. உண்மையான நிறம் வேண்டுமென்றால் பைக்குள்ளும் தையல் மடிப்புக்குள்ளும் பாருங்கள்.

வழக்கமான கால்சட்டை எப்படி இருக்கும்? அது தெரிந்தால்தானே எது வித்தியாசம் என்று சொல்ல முடியும்?

சரியான கேள்வி. 'மிக அபூர்வம்' என்று சொல்லி எனக்கு அனுப்பப்படும் பல படங்களில் இருப்பது சாதாரணத் தரைப்படைச் சிப்பாயின் கால்சட்டைதான். நம் கண்ணுக்குப் பழக்கமில்லாததால் அபூர்வமாகத் தெரிகிறது.

1938-இல் ஏற்கப்பட்ட '98 வகை' சீருடையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்துக்குக் கம்பளி, கோடைக்குப் பருத்தி. இடுப்பில் பெல்ட் கோர்க்கும் லூப் கிடையாது. துணியிலேயே தைத்த நீள நாடாக்கள் இருக்கும். அவற்றை முன்பக்கம் கொண்டுவந்து பைஜாமா நாடா போல முடிச்சுப் போட வேண்டும். பின்னிடுப்பில் ஆங்கில 'வி' எழுத்துப் போல ஒரு வெட்டு இருக்கும். நாடாவை இழுத்தால் அந்த வெட்டு மூடிக்கொள்ளும், விட்டால் விரியும். கொஞ்ச அளவுகளையே தைத்துப் பல உடல்வாகுக்கும் பொருத்த இது வசதி. முன்திறப்புக்குப் பொத்தான்கள், ஜிப் இல்லை. தோல் பெல்ட்டைச் சிப்பாய் மேல்சட்டைக்கு மேலேதான் கட்டினான். அதனால் கால்சட்டையில் லூப்புக்கு வேலையே இல்லை.

என்னிடம் இருப்பது கெண்டைக்காலோடு நின்றுவிடுகிறது, முனையிலும் நாடா இருக்கிறது. பள்ளிப் பையனுடையதா?

பெரியவருடையதுதான். இதற்கு ஜப்பானியப் பெயர் 'தான்கோ', அதாவது குட்டைக் கால்சட்டை. கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை நீளத் துணிப்பட்டியைச் சுற்றிக் கட்டும் வழக்கம் அன்றைய காலாட்படைகள் பலவற்றில் இருந்தது. நம் பழைய காவலர்களின் படங்களில் பார்த்திருப்பீர்களே, அதே பட்டிதான். அதற்குள் தொளதொளவென்று துணி இருந்தால் மடிந்து உறுத்தும். அதனால் முழங்காலுக்குக் கீழ் ஒடுக்கி, முனையை நாடாவால் கட்டினார்கள். கால் முழுக்க வரும் நீளக் கால்சட்டைக்கு 'சோகோ' என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பட்டி சுற்றி நிறைய நாள் அணிந்த தான்கோவில், கெண்டைக்கால் பகுதி தொடையைவிட அடர்ந்த நிறத்தில் இருப்பதுண்டு. அந்த இடம் பட்டிக்குள் ஒளிந்திருந்தது, வெயில் படவில்லை. அப்படி ஓர் எல்லைக்கோடு தெரிந்தால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. போலியில் இதைக் கொண்டுவர யாரும் மெனக்கெடுவதில்லை.

தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் போன்ற வெப்பப் பகுதிகளுக்கென்று மெல்லிய பருத்தியில் இன்னும் குட்டையானவையும் தைத்தார்கள். அவற்றையும் பள்ளிச் சீருடை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உள்ளே கறுப்பு மையில் ஏதோ குத்தியிருக்கிறது. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாதே?

முழு மொழியும் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு எழுத்துகளின் வடிவம் மனத்தில் இருந்தால் போதும்.

முதலில் ஆண்டு. பேரரசர் ஹிரோஹிதோவின் காலத்துக்கு ஷோவா என்று பெயர். அதன் முதல் எழுத்தான 'ஷோ' பல முத்திரைகளில் இருக்கும். இடப்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்ட நீள்சதுரம் தெரியும், அதுதான் அடையாளம். பக்கத்தில் எண். ஒன்று, இரண்டு, மூன்று என்பவை அத்தனை படுக்கைக் கோடுகள். பத்து என்பது நம் கூட்டல் குறி போலவே இருக்கும். கூட்டல் குறியும் மூன்று கோடுகளும் வந்தால் பதின்மூன்று. அதோடு 1925-ஐக் கூட்டுங்கள், 1938 கிடைக்கும். ஷோவா 17 என்றால் 1942. ஷோவா 20 என்றால் 1945, போர் முடிந்த ஆண்டு.

அடுத்தது கிடங்கின் பெயர். தரைப்படைக்கு உடை தைத்துக் கொடுக்கவும் சேமித்து வைக்கவும் தனி உடைக் கிடங்குகள் இருந்தன. தலைமைக் கிடங்கு தோக்கியோவில், முக்கியக் கிளைகள் ஒசாகாவிலும் ஹிரோஷிமாவிலும். ஊர்ப்பெயரின் ஓர் எழுத்தை மட்டும் சுருக்கிக் குத்துவார்கள். கூடவே அளவு இருக்கும். சிலவற்றில் பெரியது, நடுத்தரம், சிறியது என்ற ஒற்றை எழுத்து, சிலவற்றில் வெறும் எண். தரச்சோதனை முடிந்ததற்கு இன்னொரு சிறு முத்திரையும் வரும்.

ஹிரோஷிமாக் கிளையைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1913-இல் கட்டிய அதன் செங்கல் கட்டடங்களில் நான்கு இன்றும் நிற்கின்றன. அணுகுண்டு விழுந்த மையத்திலிருந்து அவை ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. குண்டுவெடிப்பின் அழுத்தத்தில் வளைந்துபோன இரும்புச் சன்னல் கதவுகளை இன்றும் பார்க்கலாம். காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து கிடத்திய இடமும் அதுதான். இடித்துவிடலாமா, காப்பாற்றலாமா என்று பல வருடம் விவாதம் நடந்து, 2024-இல் ஜப்பான் அரசு அவற்றை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அந்த ஊரின் முத்திரையுள்ள கால்சட்டை ஒன்று உங்களிடம் இருந்தால், அது அந்தக் கிடங்கு வழியாக வந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. முத்திரையில் உள்ள ஆண்டு உடை உருவான ஆண்டைச் சொல்லும், அணிந்த ஆண்டைச் சொல்லாது. கிடங்கில் பல வருடம் கிடந்து பிறகு வழங்கப்பட்டவை உண்டு. ஒருவர் அணிந்ததைச் செப்பனிட்டு இன்னொருவருக்குக் கொடுத்ததும் உண்டு.

'98 வகை' என்றால் 1898-ஆம் ஆண்டா?

இல்லை. ஜப்பானியப் பேரரசின் பழைய ஆண்டுக்கணக்கு நம் பொது ஆண்டைவிட 660 கூடுதல். 1938 அவர்களுக்கு 2598. அதன் கடைசி இரண்டு இலக்கம்தான் 98. அதே கணக்கில் 90 வகை 1930-ஐச் சேர்ந்தது, 3 வகை 1943-ஐச் சேர்ந்தது. ஆனால் '45 வகை' மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது பேரரசர் மெய்ஜியின் 45-ஆம் ஆண்டு, அதாவது 1912. விற்பவர்களே இதில் குழம்பிப்போகிறார்கள்.

முத்திரையில் நங்கூரம் இருக்கிறது. துணியும் பச்சையாக இருக்கிறதே?

அப்படியானால் கடற்படை. ஜப்பானியக் கடற்படைக்கு நிலத்தில் இறங்கிப் போரிடும் சொந்தப் பிரிவுகள் இருந்தன. அவர்களின் உடை தரைப்படையின் பழுப்புக் காக்கியைவிடப் பச்சைப் பக்கம் சாய்ந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் கப்பல்காரர்களும் விமானக்காரர்களும்கூட இந்தப் பச்சைக்கு மாறினார்கள். நிறத்தை நம்பாதீர்கள் என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். பச்சை சந்தேகத்தைக் கிளப்பும், உறுதி சொல்ல வேண்டியது நங்கூரம்தான்.

கடற்படை உடைகளில் இன்னொரு நல்ல சாட்சி, கையால் எழுதிய பெயரும் எண்ணும். யோக்கோசுகா, குரே, சசேபோ ஆகிய கடற்படைத் தளங்களில் எதில் பதிவானவர், தானே சேர்ந்தவரா, கட்டாயத்தில் சேர்க்கப்பட்டவரா என்பதைச் சில எழுத்துகளில் சுருக்கி, பின்னால் பதிவு எண்ணைப் போடுவார்கள். தெளிவாக ஒரு படம் எடுத்து ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டினால், நிமிடத்தில் வாசித்துவிடுவார்.

தொடையில் அகன்று, உள்கால் பக்கம் தோல் வைத்துத் தைத்திருக்கிறது. அது என்ன?

குதிரை ஓட்டுபவரின் கால்சட்டை. சேணத்தில் உரசும் இடம் சீக்கிரம் தேயும் என்பதால் அங்கே தோலோ இரட்டைத் துணியோ வைத்தார்கள். குதிரைப்படை என்று உடனே எழுதிவிட வேண்டாம். பீரங்கி இழுக்கும் குதிரைகளை நடத்தியவர்கள், சரக்குப் போக்குவரத்துப் பிரிவினர், ராணுவக் காவலர் எல்லோரும் குதிரை ஏறினார்கள்.

தோல் இல்லாமல் தொடை மட்டும் அகன்று, தையலும் துணியும் உயர்தரமாக இருந்தால் அதிகாரியுடையதாக இருக்கலாம்.

கிடங்கு முத்திரையே இல்லை. போலி என்று அர்த்தமா?

அவசரப்பட வேண்டாம். சிப்பாய்க்கு உடையை அரசு கொடுத்தது. அதிகாரியோ தன் காசில் தைத்துக்கொண்டார். ஊர்த் தையற்காரரிடமும் தைப்பார், தரைப்படை அதிகாரிகளின் சங்கமான கைகோஷா வழியாகவோ கடற்படை அதிகாரிகளின் சுய்கோஷா வழியாகவோ வாங்குவார். அந்தச் சங்கங்களின் சீட்டு உள்ளே தைத்திருந்தால் அதுவே அருமையான சான்று. விதிமுறைக்கு உட்பட்டு ஆளாளுக்குத் துணியும் பொத்தானும் மாறும். உண்மையிலேயே விசித்திரமான கால்சட்டைகள் அதிகம் வருவது இந்த வழியில்தான்.

இன்னொரு வாய்ப்பு, அது ராணுவ உடையே இல்லை என்பது. 1940 நவம்பரில் ஜப்பான் அரசு ஆண்களுக்கு 'கொகுமின்ஃபுகு' என்ற தேசிய உடையைச் சட்டமாகக் கொண்டுவந்தது. அதே காக்கி நிறம், அதற்கு 'நாட்டுப் பாதுகாப்பு நிறம்' என்றே பெயர். அலுவலகத்துக்கும் கல்யாணத்துக்கும் அதையே உடுத்தச் சொன்னார்கள். தனியார் ஆலைகள் தைத்ததால் நிறுவனச் சீட்டு இருக்கும், பெல்ட் லூப் இருக்கும். வட்டத்துக்குள் ஒற்றை எழுத்துப் போட்ட குறி தென்பட்டால் அது அரசு நிர்ணயித்த விலைக்கான 'மருகோ' குறி. படைக்கு வழங்கிய உடைக்கு விலைக்குறி எதற்கு? ஆகவே அது கடையில் விற்ற பொருள்.

இவற்றை மதிப்புக் குறைந்தவை என்று நான் நினைப்பதில்லை. தோக்கியோவில் குதான் பகுதியில் இருக்கும் ஷோவா-கான் அருங்காட்சியகம் இப்படிப்பட்ட சாதாரண மக்களின் போர்க்காலப் பொருள்களுக்காகவே நடத்தப்படுகிறது.

நாடாவும் இருக்கிறது, பெல்ட் லூப்பும் இருக்கிறது. இது எந்த வகை?

லூப்பைத் தைத்த நூலைப் பாருங்கள். மற்ற தையலின் நூலும் அதுவும் வேறாக இருந்தால், பிற்பாடு சேர்த்தது. 1945-க்குப் பிறகு லட்சக்கணக்கான சிப்பாய்கள் அணிந்திருந்த சீருடையோடு ஊர் திரும்பினார்கள். ஊரில் துணியே கிடைக்கவில்லை. சின்னங்களைப் பிரித்துவிட்டு அதையே வேலைக்கு உடுத்தினார்கள். கறுப்போ நீலமோ சாயம் ஏற்றினார்கள், லூப் வைத்தார்கள், பிள்ளைகளுக்குக் குறுக்கித் தைத்தார்கள். அப்படிப்பட்டதை 'ஆய்வுக்காகத் தைத்த மாதிரி உடை' என்று சொல்லி விற்பதைப் பார்த்திருக்கிறேன். அதை வைத்துப் பிழைத்த ஒரு குடும்பத்தின் கதையை மறைக்கும் பேச்சு அது, எனக்கு வருத்தமாக இருக்கும்.

துணி சாக்குப் போல முரடாக இருக்கிறது, பொத்தான் பீங்கானில் இருக்கிறது. மட்டமான நகலா?

மாறாக, போரின் பிற்பகுதியைச் சேர்ந்த அசலாக இருக்கலாம். பருத்தியும் கம்பளியும் ஜப்பானுக்கு வெளியிலிருந்து வர வேண்டியவை. சீனாவுடன் 1937-இல் போர் தொடங்கியதுமே நெருக்கடி வந்துவிட்டது. மரக்கூழிலிருந்து எடுத்த செயற்கை இழையைத் துண்டுதுண்டாக நறுக்கிப் பருத்தியோடு கலந்து நூற்றார்கள். மக்கள் அதை 'சுஃபு' என்று அழைத்தார்கள். நனைந்தால் நைந்துபோகும் துணி என்று அதற்குக் கெட்ட பெயர். 1942 பிப்ரவரியிலிருந்து பொதுமக்கள் துணி வாங்கவே சீட்டு வேண்டியிருந்தது. உலோகம் ஆயுதத்துக்குப் போனதால் பொத்தான்களை மரத்திலும் பீங்கானிலும் செய்தார்கள்.

சுஃபு கலந்திருக்கிறதா என்று தீயில் காட்டிச் சோதிப்பவர்கள் ஏமாறுவார்கள். பருத்தியைப் போலவே அதுவும் காகித வாசனையோடு எரியும். உள்மடிப்பில் தொங்கும் ஒரு தளர்ந்த இழையை எடுத்து, பாதியை நனைத்து இழுத்துப் பாருங்கள். பருத்தி நனைந்தாலும் பலம் இழக்காது. சுஃபு நனைந்த இடத்தில் சட்டென்று அறும்.

தொடையில் மூடியோடு பெரிய பைகள் இருக்கின்றன. வான்குடை வீரருடையதா?

இருக்கலாம். கடற்படையின் வான்குடை வீரர்கள் 1942 ஜனவரி 11 அன்று செலிபிஸ் (இன்றைய சுலாவெசி) தீவின் மெனாதோவிலும், தரைப்படையினர் பிப்ரவரி 14 அன்று சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளுக்கு அருகிலும் குதித்தார்கள். கடற்படை வான்குடை உடையில் வெடிபொருள் வைக்கப் பெரிய பைகள் இருந்தன. ஆனால் இதைப் போட்டுப் போனவர்கள் மிகச் சிலர், தேடுகிற சேகரிப்பாளர்களோ ஏராளம். அதனால் போலிகளும் அதிகம். முத்திரை, நூல், தேய்மானம் மூன்றும் ஒத்துப்போகாமல் நான் ஒப்புக்கொள்வதில்லை.

உள்ளே ரோமம் வைத்திருக்கிறதே?

மஞ்சூரியக் குளிருக்கான உடை, அல்லது விமானியுடையது. மஞ்சூரியாவில் கால்சட்டைக்கு மேல் இன்னொன்றாகப் போட்டுக்கொள்ள அகலமாகத் தைத்தவை உண்டு. விமானியின் உடைக்குள் மின்கம்பி ஓடினால் அது உடலைச் சூடாக வைக்கும் அமைப்பு. தயவுசெய்து மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா நகலும் ஏமாற்று அல்ல. தோக்கியோவின் ஊயெனோவில் இருக்கும் நகாதா கடை பல பத்தாண்டுகளாக ஜப்பானியப் படை உடைகளின் நகல்களை நகல் என்றே சொல்லி விற்கிறது. கைமாறிக் கைமாறி, சீட்டுப் பிரிந்த பிறகுதான் சிக்கல்.

மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். ஜிப்பில் 'ஒய்கேகே' என்று இருந்தால் அந்த உடையோ குறைந்தது அந்த ஜிப்போ போருக்குப் பிந்தியது. அந்த வணிகக் குறி பதிவானதே 1946-இல்தான். இரண்டாவது, நூல். பாலியஸ்டர் இழையைத் தீயில் காட்டினால் உருகிக் கெட்டியான மணியாகும். அது துணிச்சந்தைக்கு வந்தது 1950-களில். மூன்றாவது, புற ஊதா விளக்கு. இருட்டில் தையல் நூல் மட்டும் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் நூல் புதியது. உடை முழுவதும் ஒளிர்ந்தால் தடுமாற வேண்டாம், யாரோ நல்ல மனதோடு சலவைத்தூள் போட்டு ஒருமுறை துவைத்திருக்கலாம். தூளில் இருக்கும் வெண்மையூட்டி அசல் துணியிலும் ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் அறிந்ததில் மிக வித்தியாசமானது எது?

ஷோய்சி யோக்கோய் தைத்தது. படையில் சேர்வதற்கு முன் அவர் தையற்காரர். 1944-இல் அமெரிக்கர்கள் குவாம் தீவைக் கைப்பற்றிய பிறகும் சரணடையாமல் காட்டில் ஒளிந்தவர், 1972 ஜனவரியில்தான் கண்டுபிடிக்கப்பட்டார். 28 வருடத்தில் சீருடை மக்கிப்போனது. காட்டுச் செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த பாகோ மரத்தின் பட்டையை உரித்து, ஊறவைத்து, அடித்து நாராக்கி, முறுக்கி நூலாக்கினார். தானே செய்த தறியில் நெய்தார். பித்தளையைத் தேய்த்து ஊசி செய்து, மேல்சட்டையும் கால்சட்டையும் தைத்தார். படத்தில் பார்த்தபோது நான் முதலில் கவனித்தது வெட்டு நேர்த்தியை. பழகிய கை தன் தொழிலை மறக்கவில்லை.

எங்கள் குடும்பம் மலேயாவில் தோட்டத்தில் இருந்தது. தாத்தாவின் பெட்டியில் இப்படி ஒன்று இருந்தது. அவர் ஜப்பானியப் படையில் இருந்தாரா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 1942 முதல் 1945 வரை மலேயாவில் துணிப்பஞ்சம் கடுமை. கோணிச்சாக்கை உடுத்தியவர்கள் உண்டு. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் மாற்றுத் துணியே இல்லை. அந்த நிலையில் கிடைத்த எதையும் மனிதர்கள் உடுத்துவார்கள். சரணடைந்த ஜப்பானியர்கள் 1947 வரை மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்ய வைக்கப்பட்டார்கள், அப்போதும் கைமாறியிருக்கலாம். தாத்தா இந்திய தேசிய ராணுவத்தில் இருந்திருந்தாலும் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் பிரிட்டிஷ் கிடங்குகளில் சிக்கிய காக்கியாகவே இருந்திருக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

துவைக்கலாமா?

வேண்டாம். சுஃபு கலந்த துணி நனைந்தால் பலம் பாதியாகும். ஈரத்தின் கனத்திலேயே கிழிந்துவிடும். முத்திரை மையும் போய்விடும். மெல்லிய வலைத்துணியை மேலே விரித்து, தூசியை இலேசாக உறிஞ்சி எடுங்கள். மடிப்புக்குள் அமிலமில்லாத தாளைச் சுருட்டி வையுங்கள். நாப்தலீன் உருண்டையைத் துணிமேல் நேராகப் போடாதீர்கள்.

உள்ளே ஒரு பெயர் எழுதியிருக்கிறது. என்ன செய்வது?

முதலில் படம் எடுங்கள். பகல் வெளிச்சத்தில் நேராக ஒன்று, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. மங்கிய மை சாய்ந்த ஒளியில் சில சமயம் எழுந்து தெரியும். பெயரை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுவதற்குமுன், ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் தனியாகக் காட்டி வாசித்துக்கொள்ளுங்கள். ஊரும் பிரிவும் சேர்ந்து தெரிந்தால் குடும்பத்தைத் தேட வழி உண்டு. போருக்குப் போன சிப்பாய்க்கு உற்றாரும் நண்பர்களும் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடிகள் அப்படிப் பல வீடுகளுக்குத் திரும்பியிருக்கின்றன. விற்கும் எண்ணம் இருந்தால்கூட, தேடி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.